பள்ளியில் ஜெர்மன்: எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

(நமது சமுதாயக் கூடத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில விஷயங்களையும் இதில் சேர்த்திருக்கிறேன்.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஜெர்மன் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். ஜெர்மனியை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். பிறகு ஏன் இவரைப் பேசச் சொன்னார்கள் என்று நீங்கள் நினைக்கலாம்.

நம் குடியிருப்பில் இந்த ஆண்டு ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் 11 பேர். அவர்களில் பலருக்குப் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. இந்தி, சமஸ்கிருதம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று நான்கு கட்டங்கள். ஒன்றில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். என் பேத்தி இரண்டு வருடமாக ஜெர்மன் படிக்கிறாள். அதனால் மாலையில் நடைப்பயிற்சிக்குப் போனால் யாராவது ஒருவர் நிறுத்தி, "சார், ஜெர்மன் எடுக்கலாமா, கஷ்டமா இருக்குமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவையாகச் சொல்லிவிடுங்கள் என்றார் நம் செயலாளர். அவ்வளவுதான் என் தகுதி.

கஷ்டமா என்ற கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போன வருடம் ஒரு நாள் பேத்தி வந்து, "தாத்தா, அக்யூசட்டிவ் அப்படின்னா என்ன?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஆப்பிள் என்பது ஜெர்மனில் 'டேர் ஆப்ஃபெல்'. அதையே 'நான் ஆப்பிளைச் சாப்பிடுகிறேன்' என்று சொல்லும்போது 'டேன் ஆப்ஃபெல்' என்று மாறுகிறது. டேர் ஏன் டேன் ஆனது என்பதுதான் குழந்தையின் சந்தேகம். எனக்குப் பொறி தட்டியது. இது நாம் சிறு வயதில் படித்த இரண்டாம் வேற்றுமைதான். நாம் சொல்லின் கடைசியில் 'ஐ' சேர்க்கிறோம். அவர்கள் சொல்லுக்கு முன்னால் நிற்கிற 'டேர்' என்பதை மாற்றுகிறார்கள். 'குழந்தைக்கு' என்று நாம் 'கு' சேர்க்கிற இடத்தில் அவர்கள் 'டேம்' போடுகிறார்கள். நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்கு நான்குதான்.

அன்றைக்கு நான் பேத்திக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கவில்லை. தமிழ் வேற்றுமையைச் சொல்லிக்கொடுத்தேன். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று அவள் முதல் தடவையாக அர்த்தம் புரிந்து ஒப்பித்தது ஜெர்மன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டுதான்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் வினைச்சொல் நடுவில் வந்துவிடும். நமக்கு வினைமுற்று கடைசியில்தான். ஜெர்மனில் 'நான் களைப்பாக இருப்பதால்' என்பது போன்ற துணை வாக்கியம் வந்தால் வினை கடைசிக்குப் போய்விடுகிறது. 'வைல் இஷ் ம்யூட பின்'. இதில் 'பின்' என்பதுதான் 'இருக்கிறேன்'. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்களாம். நம் பிள்ளைகளுக்கு இது வீட்டுப் பழக்கம். நீ, நீங்கள் என்ற மரியாதை வித்தியாசமும் அங்கே உண்டு. நண்பனிடம் 'டூ', பெரியவர்களிடம் 'ஸீ'. ஆங்கிலத்தில் இது இல்லை.

கஷ்டமான இடமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், அஃறிணை என்று மூன்று பால். நம் தமிழில் உயர்திணை, அஃறிணை எல்லாம் ஒரு நியாயத்தோடு இருக்கும். அங்கே மேசை ஆண்பால், சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். சிறுமி என்பதற்கான சொல்லோ அஃறிணை! பேத்திக்கு இதில் வந்த கோபம் இன்னும் தீரவில்லை. ஒவ்வொரு சொல்லையும் அதன் பாலோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும், வேறு வழியில்லை. எண்களும் அப்படித்தான். இருபத்தொன்று என்று நாம் சொல்வதை அவர்கள் 'ஒன்றும் இருபதும்' என்று திருப்பிச் சொல்கிறார்கள். காசாளர் கவுண்டரில் நான் அப்படி எண்ணியிருந்தால் தினமும் கணக்கு உதைத்திருக்கும்.

ஆனால் சொற்களைச் சேர்த்துக் கட்டுகிற விதம் பிள்ளைகளுக்கு விளையாட்டு. கையுறைக்கு 'ஹாண்ட்ஷூ', அதாவது கைக்குச் செருப்பு. குளிர்சாதனப் பெட்டிக்குக் குளிர் அலமாரி. ஆமைக்குக் கேடயத் தேரை. எனக்குப் பிடித்த சொல் ஒன்று உண்டு, 'ஷுல்ட்'. இந்த ஒரே சொல்லுக்குக் குற்றம் என்றும் அர்த்தம், கடன் என்றும் அர்த்தம். கடன் பிரிவில் எத்தனையோ வருடம் உட்கார்ந்த எனக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு தாங்கவில்லை.

சரி, இதெல்லாம் சுவாரசியம். பிரயோஜனம் என்ன என்று கேட்பீர்கள். என் தங்கை மகளின் கதையைச் சொல்கிறேன்.

அவள் பி.எஸ்சி. நர்சிங் படித்தவள். இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். ஜெர்மனியில் செவிலியருக்கு வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்கு வயது 27. அங்கே செவிலியராக முழு அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 நிலை ஜெர்மன் கேட்கிறார்கள். ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். பி2 என்பது நான்காவது படி. இவளுக்கு அன்றைக்கு ஒரு எழுத்து தெரியாது. இரவு டியூட்டி முடித்துவிட்டுக் காலையில் வகுப்புக்குப் போவாள். கட்டணத்துக்காக என் தங்கை இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்தாள். நகைக்கடன் கவுண்டரில் நின்றவன் என்பதால், அதற்கு மாதம் எவ்வளவு வட்டி ஏறுகிறது என்று எனக்கு மனக்கணக்காகத் தெரியும். ஒவ்வொரு தடவை அவள் ஃபெயில் ஆனபோதும் எனக்கு அந்த எண்தான் கண்ணில் தெரிந்தது.

படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று பி1, பி2 தேர்வுகளில் நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 எடுக்க வேண்டும். தோற்ற பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். இவள் தோற்றது கேட்டல் பகுதியில். மூன்றாவது தடவைதான் தேறினாள். "எழுதினதைப் படிச்சுப் புரிஞ்சுக்கிறேன் மாமா, காதுலதான் ஏற மாட்டேங்குது" என்று அழுதாள். 27 வயதுக் காதுக்கும் 11 வயதுக் காதுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்குத்தான் நான் யோசித்தேன். என் பேத்தி ஜெர்மன் பாட்டுகளை எந்தப் புத்தகமும் இல்லாமல் அப்படியே பாடுகிறாள்.

இப்போது தங்கை மகள் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். சங்கிலி மீண்டுவிட்டது. போன முதல் மாதம், அந்தப் பகுதி முதியவர்களின் வட்டாரப் பேச்சு அவளுக்குப் பாதி புரியவில்லையாம். மதுரையில் தமிழ் கற்றவரை நாகர்கோவிலில் கொண்டுபோய் விட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாமே என்று நான் ஃபோனில் கேட்டேன். அவள் சொன்ன பதில் எனக்கு மறக்காது. "மாமா, வலிக்குதுன்னு யாரும் அடுத்த மொழியில சொல்ல மாட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பாட்டி எங்க வலிக்குதுன்னு சொல்றது எனக்குப் புரியலேன்னா, நான் அங்க நின்னு என்ன பிரயோஜனம்?"

இப்போது என் தொழில் புத்திப்படி ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கோத்தே நிறுவனம், அதாவது நம் ஊரில் மாக்ஸ் முல்லர் பவன் என்று அழைக்கப்படுகிற அமைப்பு, 45 நிமிட வகுப்புகளைக் கொண்டு ஒரு உத்தேச அளவு சொல்கிறது. ஏ2 முடிக்க மொத்தம் 200 முதல் 350 வகுப்பு. பி1 முடிக்க 350 முதல் 650. பி2 முடிக்க 600 முதல் 800. பள்ளியில் வாரம் மூன்று பீரியட் என்று வையுங்கள். விடுமுறை, தேர்வு, ஆண்டு விழா ஒத்திகை எல்லாம் போக வருடத்துக்கு 35 வாரம் உருப்படியாக நடந்தால் 105 பீரியட். ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வருடத்தில் 315. அதாவது எட்டாம் வகுப்பு முடிக்கும்போது ஒழுங்காகப் படித்த பிள்ளை ஏ2 பக்கத்தில் நிற்கும். பத்து வரை தொடர்ந்தால் பி1 வாசலுக்குப் போய்விடும்.

இதை நான் ரெக்கரிங் டெபாசிட்டாகத்தான் பார்க்கிறேன். தங்கை மகள் 600, 700 வகுப்பையும் மொத்தமாக, வேலைக்கும் தூக்கத்துக்கும் நடுவில், வட்டிக்கு வாங்கிக் கட்டினாள். பள்ளிப் பிள்ளை அதையே மாதத் தவணையில் வலிக்காமல் கட்டுகிறது. அதே சமயம், மூன்று வருடம் படித்ததும் பிள்ளை சரளமாகப் பேசும் என்று எந்தப் பள்ளியாவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

மேற்படிப்பு பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாடன்-வ்யூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017-லிருந்து அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். தவிர, மாணவர் விசாவுக்கு ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. நம் பணத்தில் 10 லட்சத்துக்கு மேல். அது உங்கள் பணம்தான், மாதாமாதம் எடுத்துச் செலவு செய்யலாம். ஆனால் முதலில் கையில் இருக்க வேண்டுமே.

முதுநிலைப் படிப்பில் ஆங்கிலவழிப் பாடங்கள் நிறைய உண்டு. இளநிலையோ பெரும்பாலும் ஜெர்மனில்தான். நம் பிளஸ் டூவை மட்டும் வைத்துக்கொண்டு நேரடியாக அங்கே இளநிலையில் சேர்வதும் பொதுவாக முடியாது. இங்கே ஒரு வருடம் கல்லூரியில் படித்திருக்க வேண்டும், அல்லது அங்கே 'ஷ்டூடியன்கொலெக்' என்ற ஆயத்த வகுப்பில் ஒரு வருடம் படிக்க வேண்டும். அது பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கும். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியவர்களுக்குப் பொறியியல் பக்கம் விலக்கு இருக்கிறது. அங்கே 2023-24-ல் இந்திய மாணவர்கள் கிட்டத்தட்ட 50,000 பேர். அந்தக் கணக்குப்படி வெளிநாட்டு மாணவர்களில் நம்மவர்கள்தான் முதலிடம். அவர்களில் பகுதி நேர வேலை, பிறகு முழு நேர வேலை என்று தேடும்போது மொழி தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள தூரம் பெரிது.

கல்லூரியே போகாமல் தொழில் கற்கிற வழியும் அங்கே இருக்கிறது. 'அவுஸ்பில்டுங்' என்பார்கள். இரண்டிலிருந்து மூன்றரை வருடம். வாரத்தில் சில நாள் கம்பெனியில் வேலை, சில நாள் தொழிற்பள்ளி. கம்பெனி உதவித்தொகை கொடுக்கும். மார்க் அதிகம் வாங்காத, ஆனால் கை வேலையில் கெட்டியான பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் பாடம் முழுக்க ஜெர்மன். பி1 ஆவது இல்லாமல் அங்கே உட்கார முடியாது. "மொழியே வேண்டாம், ஆறு லட்சம் கட்டுங்கள், வேலை நிச்சயம்" என்று ஒருவர் நம் ஏ பிளாக் நண்பர் ஒருவரிடம் துண்டுப் பிரசுரம் கொடுத்திருக்கிறார். நண்பர் கடன் வாங்குவது பற்றி என்னிடம் கேட்க வந்தார், நல்ல வேளையாகக் கட்டுவதற்கு முன்பே வந்தார்.

வெளிநாடு போனால்தான் பயன் என்பதும் இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பி.எம்.டபிள்யூ. இருக்கிறது, ஒரகடத்தில் டைம்லர் இருக்கிறது. கிண்டியில் நாம் எல்லோரும் கடந்துபோகிற ஐ.ஐ.டி. 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஆரம்பிக்கப்பட்டது.

இப்போது எச்சரிக்கை. மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயாக்களில் 2011-ல் கோத்தே நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஆறிலிருந்து எட்டு வரை சமஸ்கிருதத்துக்குப் பதிலாக ஜெர்மன் எடுக்கலாம் என்று வைத்தார்கள். 2014-ல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. அதைப் புதுப்பிக்காமல், கல்வியாண்டின் நடுவில், மூன்றாம் மொழி இடத்தில் மறுபடி சமஸ்கிருதம் என்று முடிவானது. 70,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், அந்த வருடம் மட்டும் அவர்களுக்குச் சமஸ்கிருதத் தேர்வு இல்லை என்று அரசு சொன்னது. பிறகு ஜெர்மன் கூடுதல் பாடமாக இருக்கலாம் என்றார்கள். எந்த மொழி வேண்டும் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. பாதி வருடத்தில் புத்தகம் மாறினால் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைத்தான் நினைத்துப் பார்க்கிறேன்.

அதனால் டிக் அடிப்பதற்கு முன் பள்ளியில் போய்க் கேளுங்கள். இது மூன்றாம் மொழியா, கூடுதல் பாடமா? 2020 தேசிய கல்விக் கொள்கை, மூன்று மொழிகளில் இரண்டாவது இந்திய மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலம், தமிழ், ஜெர்மன் என்று எடுத்தால் இந்திய மொழி ஒன்றுதான் ஆகிறது. வாரியம் இதை எப்போது, எப்படி நடைமுறைப்படுத்துகிறதோ அதைப் பொறுத்து நம் பிள்ளைகளின் பாடம் மாறலாம். எட்டுக்குப் பிறகு தொடர வழி உண்டா? ஆசிரியர் எந்த நிலை வரை தேர்வு எழுதியவர்? பி2 ஆவது முடித்தவரா? கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல பள்ளி பதில் சொல்லும். பதில் திருப்தியாக இல்லையென்றால் பள்ளியில் வேறு மொழி எடுத்துவிட்டு, ஜெர்மனை வெளியே படிக்க வையுங்கள். நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவன் போகலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கென்றே ஏ1, ஏ2 தேர்வுகள் தனியாக இருக்கின்றன.

கடைசியாக, சி பிளாக் ஐயா கூட்டத்தில் எழுந்து கேட்ட கேள்வி. "என் பேரனுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருது. இதுல ஜெர்மன் ஒரு கேடா?" கைதட்டல் அவருக்குத்தான் அதிகம் கிடைத்தது. நானும் தட்டினேன்.

பிளஸ் ஒன்னில் மார்க்குக்காகத் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சோ ஜெர்மனோ எடுக்கிற வழக்கம் நம் ஊரில் பல வருடமாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தமிழ் இருந்த இடத்தில் ஜெர்மனை வைப்பதற்கு நான் வாதாடவில்லை. தமிழுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். ஐயாவுக்கு அன்று சொல்ல நேரம் இல்லாமல் போன ஒரு விஷயம்: பார்த்தலோமேயு சீகன்பால்கு என்ற ஜெர்மானியர், டென்மார்க் அரசர் அனுப்பி 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவருக்கு அப்போது இளம் வயது. தமிழ் ஒரு எழுத்து தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1715-ல் தரங்கம்பாடி அச்சகத்தில் அவருடைய தமிழ் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் லத்தீனில் வெளிவந்தது. பின்னால் 1856-ல் கார்ல் கிரவுல் என்பவர் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார். இத்தனை ஜெர்மானியர் நம் மொழியைப் படித்ததால் அவர்களுக்கு ஜெர்மன் மறந்துபோகவில்லை.

ஐயாவின் பேரன் பிரச்சினைக்கு மருந்து வேறு. அதை அவரிடம் தனியாகப் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு நூலக அறையில் அவனும் என் பேத்தியும் அரை மணி நேரம் தமிழ் வாசிக்கப் போகிறார்கள். பிறகு அரை மணி நேரம் அவள் அவனுக்கு ஜெர்மன் எண்கள் சொல்லிக்கொடுப்பாள். நான் மேற்பார்வை, அதாவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மற்ற பிள்ளைகளும் வரலாம். ஜெர்மன் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க விரும்பும் பெற்றோரும் வரலாம், மேசையில் வைத்திருக்கிறேன். படிவம் கொடுக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.